சித்திரை முடிய மூன்று நாள்

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் அந்த வருஷம் மாசக் கடைசியில் வந்தது. ஜீயபுரத்தில் வண்டி மாடு வைத்திருந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டும், இல்லாதவர்கள் பஸ் ஏறியும், விடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். வாழைத்தோட்டத்துச் சின்னையாவும் அவர் மனைவி வெள்ளையம்மாளும் போயிருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நிறைமாசக்காரி மகளைத் தேர்க்கூட்டத்தில் நசுங்க விட முடியுமா? பாப்பாயியை வீட்டில் விட்டுவிட்டு, எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிப் போனார்கள். அந்தப் புண்ணியவதியோ தன் அடுப்பின் மேலேயே இரண்டு கண்ணையும் வைத்திருந்தாள்.

காலை பத்து மணி இருக்கும். உறியில் இருந்த மோர்ச்சட்டியைப் பாப்பாயி எட்டி எடுத்தபோது காலில் வெதுவெதுப்பாக ஏதோ ஒழுகியது. மோர்தான் சிந்திவிட்டதென்று குனிந்து பார்த்தாள். மோர் சிந்தவில்லை. நிற்க நிற்க, அவள் நிறுத்த நினைத்தும் நிற்காமல், தண்ணீர் பாதத்தைத் தாண்டித் தரையில் ஓடியது. வலி என்று ஒன்றும் இல்லை. வயிறு ஒரு சுற்று இறங்கிச் சின்னதானது போல மட்டும் இருந்தது.

அது என்ன தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். பங்குனியில் அக்னஸ் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாலக்கரைக்காரி, நாலு ஊர் தள்ளி இருந்த சின்னப் பிரசவ விடுதியில் நர்ஸ். சுற்று வட்டாரத்துக்கே ‘நர்சம்மா’ என்றால் அவள்தான். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் வருவாள். நாய் குரைத்தால் பதிலுக்கு அதட்டுவாள். அன்றைக்குப் பாப்பாயியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

“வலி வர்றதுக்கு முன்னாடியே சில பேருக்குப் பனிக்குடம் உடைஞ்சிரும். வலிதான் இல்லியேன்னு உக்காந்திருக்காதே. கதவு தெறந்து கெடக்குற வூடு மாதிரி அது. உள்ள எது வேணாலும் நுழையும், புள்ளைக்கு ஆபத்து. அன்னிக்கே எனக்கு ஆள் அனுப்பணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க நர்சம்மா” என்று பாப்பாயி சிரித்தாள். வெள்ளையம்மாள் அப்போது கொல்லையில் கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அவள் காதில் விழவே இல்லை.

இப்போது தரையைத் துடைத்துக்கொண்டே பாப்பாயி சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். சித்திரை இருபத்தொன்பது. அந்த மாசத்துக்கு முப்பத்தொரு நாள். இன்று, நாளை, நாளை மறுநாள். மூன்று நாள் தாண்டினால் வைகாசி.

எதிர்வீட்டுக்காரியை ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் போதும். பாப்பாயி கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று சொல்ல வேண்டுமானால் போன ஆடிக்குப் போக வேண்டும்.

அது அவளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி. ஊர் வழக்கப்படி சின்னையா சீர் கொண்டுபோய்க் கொடுத்து, மகளைப் பாலக்கரையிலிருந்து ஜீயபுரத்துக்கு அழைத்து வந்துவிட்டார். ஆடியில் புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதற்காகப் பிரித்து வைக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை. கத்திரி வெயிலில் தாயும் பிள்ளையும் வதங்கிப்போகக் கூடாது என்றுதான் அந்தக் காலத்தில் யாரோ நல்ல மனசுக்காரர் யோசித்திருப்பார். பின்னால் வந்தவர்கள் அந்த யோசனையைத் தொலைத்துவிட்டு, பயத்தை மட்டும் பத்திரமாகக் கைமாற்றிக் கொடுத்தார்கள். ‘சித்திரை அப்பன் தெருவிலே’ என்று அதற்கு ஒரு வசனமும் உண்டு. தலைச்சன் ஆண்பிள்ளை சித்திரையில் பிறந்தால் அப்பன் தெருவுக்கு வந்துவிடுவானாம்.

அவள் புருஷன் ரத்தினவேல் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துப் போடுகிற வேலையில் இருந்தான். ஆடித் தள்ளுபடி, மூச்சுவிட நேரமில்லாத மாசம். அப்படியும் ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை, “உச்சிப் பிள்ளையாரைப் பாத்துட்டு வரேம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிச் சைக்கிளை ஜீயபுரத்துக்கு மிதித்துவிட்டான். மாமனார் வீட்டு வாசலுக்குக்கூடப் போகவில்லை. வாழைத்தோட்டத்து வரப்பில் வந்து நின்று மணி அடித்தான். புல் அறுத்துக்கொண்டிருந்த பாப்பாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஏங்க, ஆடியில வரலாமா? யாராவது பாத்தா?”

“ஆடி வெள்ளிக்கு அம்மனப் பாக்க வந்தேன். அதுல என்ன தப்பு?” என்றான் அவன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

அவ்வளவுதான். இருபத்தொரு வயசுக்காரனும் பத்தொன்பது வயசுக்காரியும். திரும்பிப் போகும்போது அவன் வெள்ளைச் சட்டையில் தோளோரம் வாழைக்கறை அப்பியிருந்தது. “போனதும் நனைச்சிருங்க. கறை காஞ்சா போகாது” என்று அவள் சொல்லி அனுப்பினாள். அந்த ஒரு நாளை நினைத்து நினைத்து ஆவணி முழுக்க இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உண்டாகியிருப்பது தெரிந்தபோது மாமியார் இருசம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். “ஆவணியில நின்னுச்சா? அப்ப வைகாசி. நல்லதாப் போச்சு ஆயி. சித்திரையில பொறந்துச்சுன்னா எம்புள்ள தெருவுலல்ல நிக்கணும்!” என்று சொல்லிவிட்டு, வாய் விட்டுச் சிரித்தாள். இருசம்மாள் பொல்லாதவள் இல்லை. வாயில் வந்ததைப் பேசிவிட்டு, வெற்றிலையைப் போல மென்று துப்பிவிடுகிறவள். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். சொன்ன வாய் வேகவில்லைதான். கேட்ட நெஞ்சு வெந்தது.

அதனால்தான் கூப்பிடவில்லை. சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆடியில் அவன் வந்தது வெளுத்துவிடும். அம்மா முகத்தில் அவன் எப்படி விழிப்பான்? அது போகட்டும், மானம் போனால் ஒரு வாரப் பேச்சு. அவன் தெருவுக்கு வந்துவிட்டால்? அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். “மூணே நாளு. அப்பாவுக்காகப் பொறுத்துக்கடா ராசா” என்று சொன்னாள். பிள்ளை உள்ளே புரண்டது. சரி என்று சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

தேர் பார்த்துவிட்டு அம்மாவும் அப்பாவும் பொழுது சாய வந்தார்கள். பேரீச்சம்பழமும் பொரிகடலையும் கொண்டுவந்தார்கள். பாப்பாயி அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை நாலாகக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நிற்கவில்லை, உட்கார்ந்தால் குறையும், எழுந்தால் ஒழுகும். மறுநாள் அந்தத் துணிகளைத் தானே கிணற்றடிக்கு எடுத்துப்போய் அலசி, யார் கண்ணிலும் படாமல் வாழைக்கு நடுவில் உலர்த்தினாள்.

“வயித்தத் தூக்கிக்கிட்டு ஏண்டி கெணத்தடியிலயே கெடக்குற? துணிய நான் தோய்ச்சுப் போட மாட்டனா?” என்று வெள்ளையம்மாள் வைதாள்.

“சும்மா இருந்தா உடம்பு கனக்குதும்மா.”

பெற்றவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியிருக்கலாம். ஆனால் வலி வந்தால்தானே பிள்ளை என்பது அவள் அறிந்த நியாயம். வலி இல்லாத பிரசவத்தை அவள் கண்டதில்லை.

அன்று மத்தியானம் ரத்தினவேல் சைக்கிளில் வந்தான். கேரியரில் ஒரு பொட்டலம்; அவளுக்குப் பிடித்த பக்கோடா. முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம்.

“பாப்பா, சின்னக்கடைத் தெருவுல ஒரு எடம் பாத்திருக்கேன். எட்டுக்கு ஆறுதான், கை நீட்டுனா ரெண்டு சொவரும் தட்டும். ஆனா நம்ம கடை! ஆனியில தொறந்துரலாம்னு பாக்குறேன். வேலைய விடுறதுக்குப் பயமாத்தான் இருக்கு. அம்மாதான், ‘வைகாசியில புள்ள வர்றான், அவன் வந்த நேரம் கடை நல்லா நடக்கும், தைரியமா எறங்குடா’ன்னுச்சு.”

சொல்லிவிடலாம் என்று பாப்பாயி வாயைத் திறந்தாள். தண்ணி உடைஞ்சிருச்சுங்க, நேத்தே உடைஞ்சிருச்சு. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவன் கைகளை விரித்து எட்டுக்கு ஆறு எவ்வளவு என்று காட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்தாள். வார்த்தையை விழுங்கிவிட்டு, “கடைக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க?” என்று கேட்டாள்.

“புள்ள பேருதான்” என்றான் அவன். போகும்போது வயிற்றைத் தொட்டு, “முதலாளி, சீக்கிரம் வாங்க” என்று கும்பிடு போட்டான்.

மூன்றாம் நாள் அவளுக்கு உடம்பு சுட்டது. ஒரு நேரம் குளிராக நடுக்கியது. கத்திரி வெயில், யாருக்குத்தான் உடம்பு சுடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துணியில் வாடை மாறியிருந்தது. அதையும் அலசிப் போட்டாள். பிள்ளை அசைவது குறைந்திருப்பது போலப் பட்டபோது மட்டும் பயந்து, வெல்லத்தண்ணீர் கரைத்துக் குடித்தாள். அது ஒரு தரம் உதைத்தது. அவளுக்கு உயிர் வந்தது. ஊர்ப்பட்ட சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று கெஞ்சினாள். கேட்கக் கூடாத வரத்தை எந்தச் சாமி கொடுத்ததோ தெரியவில்லை, கொடுத்துவிட்டது.

வைகாசி ஒன்றாம் தேதி விடியும்போது வலி கண்டது. சூரியன் வாழை மட்டத்துக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, அப்புறம்தான், “அம்மா” என்று வாய் திறந்தாள். சின்னையா வண்டி கட்டிக்கொண்டு அக்னஸைக் கூப்பிட ஓடினார். அங்கிருந்தே பாலக்கரைக்கும் ஆள் அனுப்பினார்.

அக்னஸ் வந்ததும் பையைத் திறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே கேட்டாள். “பனிக்குடம் எப்ப உடைஞ்சுது?”

“இப்பத்தாங்க. விடியக்காலம்” என்றாள் பாப்பாயி.

வெள்ளையம்மாளும் தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்னஸ் பரிசோதித்துப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். “தண்ணியே காணோமே” என்று தனக்குள் சொன்னவள், பாப்பாயியின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். “உடம்பு வேற சுடுது. இந்தா பாரு, ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடியே உடைஞ்சிருந்தா மறைக்காமச் சொல்லிடு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். பொறக்குற புள்ளைக்குப் பென்சிலின் ஊசி போட்டாகணும். சொல்லும்மா.”

“இல்லீங்க நர்சம்மா. காலம்பறதான்.”

சொல்லியிருக்கலாம். வைகாசிதான் வந்துவிட்டதே, இனி யாருக்கு என்ன? ஆனால் மூன்று நாள் மறைத்த ஒன்றை அம்மாவின் முன்னால் எப்படி அவிழ்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். பொய் ஒரு வாழைக்கன்று. ஒன்றை நட்டால் பக்கத்திலேயே இன்னொன்று தானாக முளைக்கும்.

பதினோரு மணிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. நன்றாக அழுதான். நிறையத் தலைமுடி. இடது காதுமடல் மட்டும் ரத்தினவேலுக்கு இருப்பது போலவே மேலே மடிந்திருந்தது. அதைப் பார்த்ததும் பாப்பாயிக்கு அவ்வளவு வலிக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது.

மத்தியானத்து பஸ்ஸில் இருசம்மாளும் ரத்தினவேலும் வந்து இறங்கினார்கள். இருசம்மாள் வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். “வைகாசி ஒண்ணு! நாள் பாத்து வந்திருக்கான் பாரு எம்பேரன். அப்பனுக்குக் கடை வெச்சுக் குடுக்க வந்த மவராசன்!” சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு அவன் நாக்கில் வைத்தாள். ரத்தினவேல் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பட்டுத்துணிக் கட்டை ஏந்துவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். கதவுக்கு அந்தப்பக்கம் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து, “ஆடி வெள்ளி அம்மன் குடுத்த வரம்” என்று பாப்பாயியின் காதில் சொன்னான்.

கிளம்பும்போது அக்னஸ் வாசலில் நின்று இன்னொரு தரம் கேட்டாள். “நெசமா காலையிலதானே?” இருசம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாப்பாயி தலையை ஆட்டினாள். அக்னஸ் நோட்டில் ‘காலை ஐந்து மணி’ என்று எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

அந்த ஒரு பகல் பாப்பாயி சந்தோஷமாக இருந்தாள். வாழ்க்கையில் அப்படி ஒரு பகல் அவளுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தான். எழுப்பி மார்பில் வைத்தால் நாலு வாய் இழுத்துவிட்டுக் கண் செருகிவிடுவான். “அழவே மாட்டேங்குறானே, என்ன சமத்து!” என்றார்கள் பார்க்க வந்தவர்கள். சாயங்காலம் அந்த நாலு வாயும் இல்லை. வெள்ளையம்மாள், தூக்கும்போது சுளுக்கி உரம் விழுந்திருக்கும் என்று முறத்தில் போட்டு மெல்ல உருட்டி எடுத்தாள். இருசம்மாள் கண்ணேறு கழித்து மிளகாயை அடுப்பில் போட்டாள். பாப்பாயி அவன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். கத்திரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தபோது, அந்தப் பாதம் மட்டும் கிணற்றுத் தண்ணீரைப் போலச் சில்லென்று இருந்தது. அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அக்னஸ் வந்தாள். துணியை விலக்கிப் பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் மாறிவிட்டது. பிள்ளையின் வயிறு உப்பியிருந்தது. மூச்சுவிடும்போதெல்லாம் பூனைக்குட்டி போல முனகினான்.

“எப்பலேர்ந்து பால் குடிக்கல?”

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து” என்றாள் வெள்ளையம்மாள்.

அக்னஸ் பாப்பாயியின் எதிரே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் திட்டுறதுக்குக் கேக்கல. ஊசி போடப் போற டாக்டருக்குத் தெரியணும். எப்ப உடைஞ்சுது?”

எல்லோரும் இருந்தார்கள். அம்மா, அப்பா, மாமியார், கதவோரம் ரத்தினவேல்.

“தேர் அன்னிக்கு” என்றாள் பாப்பாயி. “பொறக்குறதுக்கு மூணு நாளு முன்னாடி. சித்திரையில பொறந்தா இவரு தெருவுக்கு வந்துருவாருன்னு… நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. வைகாசி பொறக்கட்டும்னு இருந்துட்டேன்.”

அக்னஸ் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் பாப்பாயிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். “வண்டி வேணும், மாட்டு வண்டி ஆகாது” என்று மட்டும் சொன்னாள். வாழைத்தார் வியாபாரி சேக் மைதீன் அன்றைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தார். விஷயம் கேட்டதும், ஏற்றிய தார்களை ரோட்டோரம் இறக்கச் சொல்லிவிட்டு, தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். “யா அல்லா, பச்ச மண்ணு” என்று சொல்லிக்கொண்டே டிரைவரை விரட்டினார்.

திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். லேடி டாக்டர் ரொம்ப நல்ல மாதிரி. “பனிக்குடம் உடைஞ்சு நேரமாக ஆக, கிருமி உள்ளே போகும். புள்ளை வயித்துலயே அதை வாங்கிக்கிட்டுப் பொறந்துருக்கு. முதல் நாளே ஊசி போட்டிருந்தா ஒரு வழி இருந்திருக்கும். இப்ப ரத்தத்துல கலந்துருச்சு. பாக்கலாம்மா” என்று ஒளிக்காமல் சொன்னாள். மடிந்த காதுமடலோடு அவன் அன்று முழுக்கப் போராடினான். மறுநாள் காலை பத்து மணிக்கு, தேரன்று பாப்பாயி உறியை எட்டிய அதே நேரத்துக்கு, முனகல் நின்றுவிட்டது.

ரத்தினவேல் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி அவன் மடியில் கொடுத்திருந்தார்கள். பாப்பாயி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அவன் காலடியில் விழுந்தாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடிக்க வேண்டும் என்று விரும்பினாள்.

அவன் அவளைத் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தான். அப்புறம், எதிரே போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“தெருவுலதானே பாப்பா? நின்னிருப்பேனே. இவன் கையப் புடிச்சுக்கிட்டுச் சந்தோஷமா நின்னிருப்பேனே.”

ஜீயபுரத்து வாழைத்தோட்டத்து மூலையிலேயே புதைத்தார்கள். பச்சை உடம்புக்காரி அங்கே போகக் கூடாது என்று பாப்பாயியை விடவில்லை. ரத்தினவேல் காரியம் முடிந்து பாலக்கரைக்குப் போனான். சின்னக்கடைத் தெரு இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்று அப்புறம் தெரிந்தது.

பிள்ளை போனது மார்புக்குத் தெரியவில்லை. பால் கட்டிக் கல்லாக இறுகி, தொட்டால் உயிர் போனது. இரண்டு நாள் கழித்து, காலைப் பூ வந்த நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போய், இருசம்மாள் ஒரு வாழையிலைப் பொட்டலம் நிறைய மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றும். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பேரன் பிறந்தபோது வாசலிலிருந்தே கூவிய வாய் இப்போது ஒட்டிப்போயிருந்தது.

பூவைப் பரப்பித் துணியைச் சுற்றிக்கொண்டே, பாப்பாயியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“ஆடியில அவன் இங்க வந்தது எனக்குத் தெரியும் ஆயி.”

பாப்பாயி நிமிர்ந்தாள்.

“உச்சிப் புள்ளையாருக்குப் போறேன்னான். திரும்பி வந்தா வெள்ளச் சட்டையில வாழைக்கறை. மலைக்கோட்டையில ஏது வாழத்தோப்பு? நாந்தான் அந்தச் சட்டையத் தோய்ச்சேன். கறை போகல. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. சின்னஞ்சிறுசுங்க, இருந்துட்டுப் போவட்டும்னு கேக்காம விட்டேன்.”

“அத்தை…”

“இன்னொண்ணும் சொல்லணும். இத நான் யாருக்கும் சொன்னதில்ல. எம்புள்ளையே சித்திரையில பொறந்தவந்தான்.”

அவள் கை முடிச்சில் நின்றுவிட்டது.

“தலைச்சன். சித்திரை இருவத்தெட்டு. லால்குடிப் பக்கம் எங்கம்மா வூட்டுல பொறந்தான். எங்கம்மா என்ன பண்ணுனா தெரியுமா? சேதி சொல்ற ஆள அனுப்பாம நிறுத்தி வெச்சா. வைகாசி பொறந்ததும், இன்னிக்குத்தான் புள்ள பொறந்துச்சுன்னு சொல்லி அனுப்புனா. அவ்வளவுதான். சாதகமும் அப்படியே எழுதுனோம். இன்னி வரைக்கும் அவனுக்கே தெரியாது. அவங்கப்பன் அதுக்கப்பறம் பதினெட்டு வருசம் நல்லா இருந்து, சொந்த வூட்டுலதான் கண்ண மூடுனாரு. எங்கம்மா ஆள நிறுத்துனா. நீ புள்ளைய நிறுத்திப்புட்டியேடி என் கண்ணு…”

சித்திரையில பொறந்தா எம்புள்ள தெருவுல நிக்கணும் என்று சிரித்துச் சொன்ன அந்த வாயிலேயே படபடவென்று அடித்துக்கொண்டாள். பாப்பாயி அந்தக் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினாள். மாமியார் மேல் கோபப்பட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. யார் மேல் கோபப்பட வேண்டுமோ அந்த இடத்தில் அவளே முதலில் நின்றாள்.

“இத அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா அத்தை?” என்று கேட்டாள்.

பிள்ளை போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. இருசம்மாள் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். புதிதாகக் கட்டிய துணியையும் மல்லிகையையும் நனைத்துக்கொண்டு பால் ஒழுகியது. அவள் நிறுத்த நினைத்தும் அது நிற்கவில்லை.